நடக்கிற காலும் பதினாலு விரிப்புகளும்

பெங்களூர் அடுகோடியில் ஒரு சீட் கவர் கடையில் எனக்கு வேலை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ஆட்டோ சீட், கார் சீட், வேன் சீட், ஒரு தடவை பல் டாக்டர் ஒருவரின் சாய்வு நாற்காலி என்று, ரெக்ஸினும் ஃபோமும் சேர்த்துத் தைக்க எது வந்தாலும் என் முன்னால்தான் வந்து விழும். கடையில் மூன்று மிஷின்கள் இருந்தன. அதில் ஒன்றுக்கு மட்டும்தான் வாக்கிங் ஃபுட். அதில் உட்காரும் ஆள் நான். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சாதாரணத் தையல் மிஷினில் துணியை நகர்த்துவது ஊசிக்குக் கீழே இருக்கிற பல் மட்டும்தான். மேலே இருக்கிற ஃபுட் சும்மா அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு துணி, இரண்டு துணி என்றால் அது போதும். மேலே ரெக்ஸின், நடுவில் ஃபோம், அடியில் துணி என்று மூன்று அடுக்கு வைத்தால் கதை வேறு. அடியில் இருப்பது பல்லோடு போய்விடும், மேலே இருப்பது ஃபுட்டில் உரசிப் பின்தங்கிவிடும். தைத்து முடிக்கும்போது மேல் துணி இரண்டு விரற்கடை மிச்சமாகித் துருத்திக்கொண்டு நிற்கும். வாக்கிங் ஃபுட்டில் அந்தப் பிரச்சினை இல்லை. மேலேயும் ஒரு கால் தூக்கி, முன்னால் வைத்து, துணியைக் கவ்விப் பின்னால் தள்ளும். கீழே பல், மேலே கால், இரண்டும் சேர்ந்து எட்டு வைப்பதால் மூன்று அடுக்கும் ஒன்றாகப் போகும்.

கடைக்கு வந்த ஒரு ஆட்டோ டிரைவரிடம் "இது வாக்கிங் மிஷின்" என்று பெருமையாகச் சொன்னேன். "அப்போ காலையில கப்பன் பார்க் போகுமா?" என்று கேட்டார். அன்று முதல் முதலாளி பாய் என் மிஷினைப் பார்க்கும்போதெல்லாம், "வாக்கிங் முடிச்சாச்சா?" என்பார்.

என் மனைவி ஓசூர் ரோடு பக்கம் ஒரு கார்மெண்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாள். ஜாக்கெட் செக்‌ஷன். குளிர் நாடுகளுக்குப் போகிற, உள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஜாக்கெட். இதை என் மாமியாருக்குப் புரியவைக்கவே முடியவில்லை. தன் மகள் வெளிநாட்டுப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கிறாள் என்றுதான் அல்சூரில் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். "அத்தன ஜாக்கெட்டா? அவங்க புடவையே கட்டுறதில்லையே?" என்று ஒருத்தி கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும், வீட்ல கட்டுவாங்களா இருக்கும்" என்று பதில் சொன்னாராம்.

எங்கள் மகளுக்கு அப்போது பத்து மாதம். மனைவி காலையில் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போவாள். கேன்டீனுக்குப் பின்னால் ஒரு அறை, அதுதான் கிரெஷ். ஒரு ஆயாம்மா பார்த்துக்கொள்வார். மொத்தம் பதினாலு குழந்தைகள்.

அந்த டிசம்பரில் மகளுக்குச் சளி விடவே இல்லை. மருந்து கொடுத்தால் நாலு நாள் சரியாகும், ஐந்தாம் நாள் மறுபடி மூக்கு ஒழுகும். ஒரு நாள் வேலை முடிந்து வந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்.

"இன்னிக்கு மத்தியானம் நான் அந்த ரூம்ல தரைல உக்காந்து பார்த்தேங்க. அஞ்சு நிமிஷம் முடியல. ஐஸ் மாதிரி இருக்கு சிமெண்ட்டு. அது மேல ஒரு பிளாஸ்டிக் பாய். அதுலதான் அத்தனையும் படுத்துக் கெடக்குதுங்க."

"மேல சொல்ல வேண்டியதுதானே?"

"ஆயாம்மா ரெண்டு தடவ சொல்லிட்டாங்களாம். பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க." குழந்தையை என் கையில் கொடுத்தாள். "இந்தப் பக்கம் வெளிநாட்டுக்காரன் குளிருக்கு நான் பஞ்சு வச்சுத் தைக்கிறேன். அந்தப் பக்கம் என் பொண்ணு சிமெண்ட்ல படுத்துக்கெடக்கா. எனக்கு இன்னிக்கு லைன்ல உக்காரவே புடிக்கல."

அவள் கோபப்பட்டால் அழமாட்டாள். எதையாவது செய்வாள். மறுநாளே, கிரெஷ்ஷில் குழந்தை விட்டிருந்தவர்களில் ஐந்து பெண்களைக் கேன்டீனில் பிடித்துப் பேசியிருக்கிறாள். ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சுகிற துண்டுத் துணி மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. பஞ்சு ஓரமும் கிடக்கிறது. அதைக் கொடுத்தால் நாமே தைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, வெல்ஃபேர் ஆபீசர் அம்மாவிடம் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்தார்கள். அந்த அம்மா பயந்த சுபாவம். கடிதத்தை மூன்று தரம் படித்துவிட்டு, "துணி வெளிய போறதுக்குத்தான் கேட் பாஸ் வேணும். திரும்ப உள்ளதானே வரப்போகுது?" என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாராம்.

இரண்டு மூட்டை எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியது. ஒரே காம்பவுண்டுக்குள் ஆறு வீடுகள், அதில் எங்களுடையது ஒரு அறையும் ஒரு சமையல் மேடையும். மூட்டையை வைத்தபிறகு கட்டிலுக்குப் போக வேண்டுமென்றால் மேலே ஏறி இறங்கித்தான் போக வேண்டும்.

முதல் விரிப்பை அவள் வீட்டுக் கால் மிஷினில் தைத்தாள். கல்யாணத்துக்கு வந்த கறுப்பு மிஷின். நீலம், சிவப்பு, பச்சைத் துண்டுகளை ஒட்டுப்போட்டு மேல் துணி ஆக்கினாள். அது மிக அழகாக வந்தது. நடுவில் பஞ்சு, அடியில் பழைய காட்டன் புடவை. மூன்றையும் சேர்த்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தையல் ஓட்டினால்தான் துவைக்கும்போது பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்காது. அந்தத் தையலை ஓட்ட ஆரம்பித்தவுடனே ஆட்டம் கண்டுவிட்டது. ஒரு வரி முடிவதற்குள் மேல் துணி சுருங்கிப் பொங்கியது. பக்கத்து வரி அதை இன்னும் இழுத்தது. முடித்து விரித்தபோது எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நாலு மூலையும் நாலு திசை பார்த்தது.

நான் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

"சிரிங்க" என்றாள்.

"அதுக்கில்ல. இது மூணு அடுக்கு. உன் மிஷின் தாங்காது. என் மிஷின்ல போட்டா பத்து நிமிஷ வேலை. இன்னொண்ணு ஒட்டுப்போட்டுக் குடு, ஞாயித்துக்கிழமை முடிச்சுக் குடுத்துடறேன்."

"பத்து நிமிஷமா?"

"கால் மணின்னு வச்சுக்கோயேன்."

அந்த வாரம் வேலையிலிருந்து வந்த பிறகு அவள் இன்னொரு மேல் துணியை ஒட்டுப்போட்டாள். மஞ்சளும் நீலமும் மாறி மாறி, மூலைக்கு மூலை பொருந்தி, பார்க்கவே கண்ணுக்கு நிறைவாக இருந்தது. ஞாயிறு காலை பாயிடம் சாவி வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன்.

உண்மையைச் சொன்னால், துணி நகர்ந்த அழகைப் பார்த்து எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு சுருக்கம் இல்லை. மூன்று அடுக்கும் ஒரே துணி மாதிரி போயின. விசில் அடித்துக்கொண்டே கட்டம் கட்டமாகத் தைத்து முடித்தேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "இந்தா" என்று கட்டிலில் விரித்தேன்.

வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் தெரிந்தது. என் மிஷினின் கால் ரெக்ஸினைக் கவ்வுவதற்கு ஆனது. அதன் பல் தையலுக்கு இரண்டு பக்கமும் ரயில் தண்டவாளம் மாதிரி பதிந்திருந்தது. ஊசி சீட் தைக்கிற தடித்த ஊசி. அது போட்ட ஓட்டை ஒவ்வொன்றிலிருந்தும் வெள்ளைப் பஞ்சு, முடி முடியாக எட்டிப் பார்த்தது. நூலோ நைலான். கையால் தடவினால் சுருக்கென்று குத்தியது. நடுவில், மஞ்சள் கட்டத்தின் மேல், ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு கிரீஸ்.

அவள் கோபப்படுவாள் என்று காத்துக்கொண்டிருந்தேன். அவள் குனிந்து, ஓரத்தைத் தூக்கி, பின்பக்கம் பார்த்து, நிமிர்ந்தாள்.

"சுருக்கமே இல்ல" என்றாள்.

"ஆமா."

"நல்லா இருக்கு. ஆட்டோவுக்குப் போடலாம்."

பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் நிஜமாகவே அதை வாங்கிக்கொண்டு போய்த் தன் சீட்டில் போட்டுக்கொண்டார். ஒரு வாரம் அந்த காம்பவுண்டில் நான் தலை நிமிர்ந்து நடக்கவில்லை.

திங்கட்கிழமை பாயிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அரே, இந்த மிஷின்ல பஞ்சு வச்ச ரஜாய் தைப்பாங்களா? குழந்தைக்கு யானை செருப்பு போட்ட மாதிரி" என்றார். அப்புறம் யோசித்து, "வீட்டு மிஷினுக்கே சின்னதா ஒரு வாக்கிங் ஃபுட் உண்டுப்பா. தனியா வரும். இருக்கிற ஃபுட்டைக் கழட்டிட்டு அதை மாட்டணும். என் சித்தப்பா துபாய்ல இருந்து கொண்டுவந்த மிஷின் பெட்டியில ஒண்ணு இருந்தது. யாருக்கும் அது என்னன்னு தெரியாது. சிக்பேட்டையில தேடிப் பாரு" என்றார்.

அடுத்த ஞாயிறு நானும் மனைவியும் மகளுமாகப் பஸ் ஏறினோம். சிக்பேட்டை பக்கம் ஒரு சந்தில் தையல் மிஷின் சாமான் விற்கிற கடைகள் வரிசையாக இருந்தன. ஞாயிறு என்பதால் பாதிக் கடைகள் மூடியிருந்தன. முதல் கடையில் கேட்டவுடன் உருளை வைத்த ஃபுட்டை எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டாவது கடைக்காரர், "காலு நடக்கறதா? நம்ம கடையில எல்லாம் நின்னுட்டுதான் இருக்கும்" என்று கைவிரித்தார். மூன்றாவது கடையில் கண்ணாடி போட்ட, உருண்டையான மனிதர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கன்னடத்தில் ஆரம்பித்து, எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழுக்கு மாறினார். நான் மேஜையில் விரலை ஊன்றி, காலைத் தூக்கி வைப்பது மாதிரி நடித்துக் காட்டினேன்.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தார். திருகுகள், பாபின்கள், உடைந்த பல்கள். அதன் நடுவில் நண்டு மாதிரி ஒன்று. வெள்ளையாக, கனமாக, அடியில் பற்களோடு, ஒரு பக்கம் கவைக்கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டு.

"இதுவா பாருங்க. பழைய மிஷின் ஒண்ணு வாங்கினப்போ கூட வந்தது. எதுக்குன்னே தெரியல. பில்லு பறக்காம இருக்க மேல வச்சிருந்தேன்."

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. "இதேதான்" என்றேன்.

"அப்போ மாட்டிக் காமிங்க. இது இன்னா பண்ணுதுன்னு நான் பார்க்காம குடுக்க மாட்டேன். ஆறு வருஷமா மண்டையைக் குடையுது."

கடையிலேயே ஒரு மிஷின் இருந்தது. இருந்த ஃபுட்டைக் கழற்றினேன். நண்டை மாட்டித் திருகினேன். மூன்று துண்டுத் துணியை அடுக்கி வைத்து, சக்கரத்தைச் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. பழைய ஃபுட் மாதிரியே சும்மா அழுத்திக்கொண்டு நின்றது. துணி சுருங்கியது. கழற்றி மறுபடி மாட்டினேன். எண்ணெய் விட்டேன். கடைக்காரர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, "நடக்கலையே?" என்றார்.

"ரொம்ப நாள் சும்மா இருந்ததுல்ல, ஜாம் ஆகியிருக்கும்" என்று சமாளித்தேன். என் கடை மிஷினில் காலை நடத்துகிற யந்திரம் எல்லாம் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. இந்தச் சின்னதை யார் நடத்துவது என்பதை நான் யோசிக்கவே இல்லை.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்ற மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அந்தக் கொம்பு எதுக்கு?" என்றாள்.

"எந்தக் கொம்பு?"

"இது. சும்மா காத்துல நீட்டிக்கிட்டு இருக்கு. எதையாச்சும் புடிச்சுக்கத்தானே நீட்டியிருப்பாங்க?" ஒரு விரலால் சுட்டிக்காட்டினாள். "ஊசியை இறுக்கிற திருகு மேலயும் கீழயும் போகுதுல்ல? அது மேல உக்கார வைங்க."

கவைக்கொம்பை ஊசித் திருகின் மேல் உட்கார வைத்தேன். சக்கரத்தைச் சுற்றினேன். ஊசி மேலே போனது. கொம்பையும் சேர்த்துத் தூக்கியது. நண்டு தன் பல்லைத் தூக்கி முன்னால் வைத்தது. ஊசி இறங்கியது. நண்டு துணியைக் கவ்விப் பின்னால் தள்ளியது. டக், டக், டக் என்று மூன்று துணியும் சேர்ந்து போயின.

கடைக்காரர் கைதட்டிவிட்டார். பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு, "பா இல்லி, நோடு, நடீத்தாயிதே!" என்று கத்தினார். இங்கே வந்து பார், நடக்கிறது என்று. கைதட்டலைக் கேட்டு மகளும் கைதட்டினாள். சந்தில் போன நாலு பேர் நின்று பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "நீங்க டெய்லரா?" என்றார்.

"சீட் டெய்லர்" என்றேன்.

"அம்மா?"

"அவங்கதான் டெய்லர்."

அன்று முழுமனதோடுதான் அதைச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மாட்டினோம். நடந்தது. ஆனாலும் முதல் இரண்டு வரியில் சுருக்கம் விழுந்தது. இந்தத் தடவை எனக்குத்தான் காரணம் தெரிந்தது. கார்மெண்ட்ஸில் ஒரு மணிக்கு இத்தனை பீஸ் என்று ஓடுகிற பழக்கத்தில் அவள் கை தானாகத் துணியைப் பின்னாலிருந்து இழுத்தது.

"இழுக்காத" என்றேன்.

"இழுக்கலையே."

"உன் கைக்கே தெரியாம இழுக்குது. கையை சும்மா மேல வை. அது நடக்கும். நீ கூடப் போனா போதும். மெதுவா. இன்னொண்ணு, ஓரத்துல இருந்து ஆரம்பிக்காத. நடுவுல ஒரு கோடு போடு, அங்கேர்ந்து ரெண்டு பக்கமும் தள்ளித் தள்ளிப் போ. தையலையும் கொஞ்சம் பெருசு பண்ணிக்கோ."

சீட் தைக்கிற புத்தி. சுருக்கம் இருந்தால் வெளியே போக வழி விட வேண்டும், உள்ளே அடைக்கக் கூடாது. அவள் கையைத் தளர்த்தினாள். பெடலை மெதுவாக மிதித்தாள். நடுக்கோடு நேராக, மெத்தென்று, பாத்தி கட்டின மாதிரி விழுந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. முடித்து விரித்தபோது நாலு மூலையும் கட்டிலில் படிந்து உட்கார்ந்தன. உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தடவிப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி அதன் நடுவில் உட்காரவைத்தாள். குழந்தை குனிந்து ஒரு சிவப்புக் கட்டத்தை நக்கிப் பார்த்தது.

ஒன்று ஆயிற்று. இன்னும் பதிமூன்று. ஃபுட் ஒன்றுதான் இருந்தது.

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஐந்து பெண்களும் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். ஆனேக்கல்லிலிருந்து ஒருத்தி முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். வடக்குக் கர்நாடகாக்காரி ஒருத்தி இருந்தாள். அவள்தான் இதற்கு "கௌதி" என்று பேர் வைத்தாள். அவர்கள் ஊரில் பழைய துணி அடுக்கித் தைப்பதற்கு அதுதான் பேராம். ஆனால் அங்கே எல்லாம் கைத்தையல். மிஷினில் தைப்பதைப் பார்த்து, "எங்க அம்மா பார்த்தா ஏமாத்து வேலைன்னு சொல்வாங்க" என்று சிரித்தாள். தெலுங்குக்காரி ஒருத்தி, அல்சூர் பக்கம் இரண்டு பேர். தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே வாக்கியத்தில் போகும். சிரிப்பு மட்டும் எந்தப் பாஷையும் இல்லாமல் வரும்.

ஒருத்தி ஒட்டுப்போடுவாள், ஒருத்தி நூல் வெட்டுவாள், ஒருத்தி மூன்று அடுக்கையும் கட்டிலில் விரித்துச் சேஃப்டி பின் குத்துவாள், ஒருத்தி மிஷினில். கால் வலித்தால் அடுத்தவள் உட்காருவாள். குழந்தைகள் கட்டிலுக்கடியில். எனக்குக் கொடுக்கப்பட்ட வேலை, குழந்தைகளையும் அடுப்பையும் பார்த்துக்கொள்வது. முதல் ஞாயிறு உப்புமா கிண்டினேன். இரண்டாவது ஞாயிறு தக்காளி சாதம். ஆனேக்கல்காரி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "அண்ணா, உங்க வாக்கிங் மிஷின்லயா கிண்டினீங்க? ஒட்டுது" என்றாள். ஆட்டோ சீட் கதை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

மூன்றாவது ஞாயிறு, பதினொன்று முடிந்து மூன்று பாக்கி. பெண்கள் வெளியே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிஷினில் பாதித் தையலோடு ஒரு விரிப்பு நின்றிருந்தது. மூன்று வாரமாக நான் அந்த மிஷினைத் தொடவே இல்லை. கை ஊறியது. இரண்டு வரி ஓட்டி வைத்தால் உதவியாக இருக்கும் என்று உட்கார்ந்தேன். முதல் வரி சொர்க்கம். முடிவில் நூல் பிரியாமல் இருக்க வேண்டுமே என்று, சீட் தைக்கிற பழக்கத்தில், லீவரை மேலே தள்ளிப் பின்தையல் போட்டேன்.

அந்தச் சின்னக் கால் முன்னால் நடக்கத்தான் படைக்கப்பட்டது. கீழே பல் துணியை முன்னால் இழுத்தது, மேலே கால் பின்னால் தள்ளியது. டிங் என்று ஒரு சத்தம். ஒரு குட்டி ஸ்பிரிங் தெறித்துச் சுவரில் பட்டு, எங்கேயோ போனது. அதன் பிறகு கால் நொண்டியது. தூக்கும், முன்னால் வைக்காது, அங்கேயே தட்டும்.

வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் தட்டு.

"பின்தையல் போட்டீங்களா?"

"லேசா."

பின்னாலிருந்து ஐந்து தலைகள் எட்டிப் பார்த்தன. நான் தரையில் மண்டியிட்டுத் தேட ஆரம்பித்தேன். அப்புறம் எல்லோரும் தேடினார்கள். மூட்டைகளைப் புரட்டினோம், கட்டிலை நகர்த்தினோம், குழந்தைகளின் வாயைத் திறந்து பார்த்தோம். ஸ்பிரிங் கிடைக்கவில்லை.

வடக்குக் கர்நாடகாக்காரி மெல்ல, "பரவால்ல அண்ணா, மூணுதானே, கையிலயே தைச்சுடலாம்" என்றாள். ஒரு விரிப்புக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஃபுட்டைக் கழற்றி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஸ்பிரிங் உட்கார்ந்திருந்த இடம் தெரிந்தது. பட்டாணி அளவு பள்ளம். அதில் என்ன போடலாம் என்று சட்டைப் பையைத் தடவினேன். அளவு எழுதுகிற பால்பேனா இருந்தது. திருகித் திறந்தேன். உள்ளே ஸ்பிரிங். நீளம் அதிகம். பாதியாக வெட்டினேன். முதல் பாதி பறந்து போய் ரசத்தில் விழுந்தது. இரண்டாவது பாதியை ஊசிமுனையால் அழுத்தி உள்ளே தள்ளினேன். மாட்டினேன். கொம்பைத் திருகின் மேல் உட்காரவைத்தேன்.

மனைவி என்னை எழுந்திருக்கச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்தாள். சக்கரத்தைக் கையால் சுற்றினாள். தூக்கியது. முன்னால் வைத்தது. கவ்வியது.

"நடக்குது!" என்று ஆனேக்கல்காரி கத்திய கத்தலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது.

மனைவி திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். ஸ்பிரிங் தெறித்த பிறகு அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை. "ரசத்துல இருக்கிற ஸ்பிரிங்கை எடுத்துடுங்க" என்றாள்.

பதினாலும் முடிந்து, துவைத்து, காம்பவுண்டு முழுக்கக் கொடி கட்டிக் காயப்போட்டோம். திங்கட்கிழமை காலை பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானும் கூடப் போனேன். கேட்டில் வாட்ச்மேன் மூட்டையை உள்ளே விட்டார், என்னை விடவில்லை. வெல்ஃபேர் ஆபீசர் அம்மாவே வெளியே வந்து, சுற்றுமுற்றும் பார்த்து, "ஜன்னல் வரைக்கும்தான்" என்று கூட்டிக்கொண்டு போனார்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஆயாம்மா பதினாலையும் விரித்துவிட்டிருந்தார். அந்தச் சாம்பல் நிற அறை தோட்டம் மாதிரி இருந்தது. குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மேலே விட்டார். எல்லாம் சேர்ந்து என்ன செய்தன தெரியுமா? கீழே இறங்கித் தவழ்ந்து சிமெண்ட்டுக்குப் போய்விட்டன. என் மகள்தான் முதலில். அவர் தூக்கி விட, இவை இறங்க, தூக்கி விட, இறங்க. மனைவி ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அவளுக்கு.

பால் குடித்த பிறகு அடங்கின. ஒரு குண்டுப் பையன் குப்புற விழுந்து, கன்னத்தைப் பச்சைக் கட்டத்தில் வைத்து, அப்படியே தூங்கிப்போனான். பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. என் மகள் கடைசி. விரிப்பின் ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் என்னைப் பார்த்தபடியே கண்ணை மூடினாள்.

சிவராத்திரிக்குள் சளி நின்றுவிட்டது. வெயில் ஏறியதாலும் இருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.

ஒரு மாதம் கழித்து, கிரெஷ்ஷைப் பார்க்க வந்த பெரிய மேனேஜர் ஒரு விரிப்பை மடக்கிப் பார்த்து, "இதை யார் தைச்சது?" என்று கேட்டிருக்கிறார். ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று வெல்ஃபேர் ஆபீசர் அம்மாவுக்கு வியர்த்துவிட்டதாம். மேனேஜர் ஆறு பேரையும் கூப்பிட்டார். மனைவியையும் வடக்குக் கர்நாடகாக்காரியையும் லைனிலிருந்து எடுத்து சாம்பிள் செக்‌ஷனில் போட்டார்கள். வெளிநாட்டிலிருந்து புது டிசைன் வந்தால் முதல் பீஸைத் தைத்துப் பார்க்கிற இடம் அது. மணிக்கு இத்தனை என்று கணக்கு கிடையாது, நிதானமாக யோசித்துத் தைக்கலாம்.

அங்கே சேர்ந்த முதல் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது என் மாமியாரும் வந்திருந்தார். எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நான் கேட்டேன்.

"முதல் சாம்பிள் இன்னா தைச்ச?"

சொல்ல வாயைத் திறந்தாள். சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி திறந்தாள், மறுபடி சிரிப்பு. காப்பி தளும்பியது. மகள் அவளைப் பார்த்துக்கொண்டு காரணமே இல்லாமல் கெக்கலித்தாள்.

"நாய்க்கு" என்றாள் கடைசியில். "நாய்க்கு ஜாக்கெட். நாலு கை வச்சு. உள்ள பஞ்சு, மேல பட்டன்."

மாமியார் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார்.

"கொக்கி வைக்கலையா?" என்றார்.